டிசம்பர் பன்னிரண்டு வரை

தெபெத்லான்
ஆகஸ்ட் 4, 1996

அக்காவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் தொலைபேசிக் கடைக்காரன் ஒலிபெருக்கியில், "ஒத்திலியா அம்மா, ஒத்திலியா அம்மா, புவெப்லாவிலேர்ந்து உங்க அக்கா பிரிகிதா லைன்ல இருக்காங்க, சீக்கிரம் வாங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கூவினான். நான் போகவில்லை. மறுபடியும் கூவினான். தக்காளி விற்கிறவள் முதல் பங்குச் சாமியார் வீட்டுச் சமையல்காரி வரை என் வாசலையே பார்த்தார்கள். நான் பாட்டுக்கு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

நீ குடித்துவிட்டுக் கூப்பிட்டாய் என்று சொல்லவில்லை. குடிக்கமாட்டேன் என்ற சத்தியத்தில் இருக்கிறாய், தெரியும். ஆனால் அந்த ஒலிபெருக்கியில் உன் பெயர் வந்தாலே எனக்குப் பயம் வந்துவிடுகிறது. போன நவம்பரில் இப்படித்தான் கூவினான். ஓடிவந்து எடுத்தேன். முதலில் அழுதாய், பிறகு பாடினாய், பிறகு என்னை வாய்க்கு வந்தபடி வைதாய். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்துகொண்டார்கள். ஆகவே இனிமேல் எழுது. எழுத்தில் ஒரு வசதி உண்டு. நீ குடித்திருந்தால் உன் வரிகள் மலையேறுகிற பேருந்து மாதிரி வலப்பக்கம் மேலே மேலே போகும். ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நல்ல விஷயம். உன் பெண் நெரெய்தாவின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு நாள் குறித்துவிட்டேன். டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை. காலையில் பூசை, சாயங்காலம் நகராட்சிக் கூடத்தில் விருந்து. கேக்குச் செலவை ஏற்க ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒரு ஞானத்தாய், பாட்டுக்காரர்களுக்கு ஒரு ஞானத்தகப்பன் என்று எல்லாம் பிடித்தாகிவிட்டது. மளிகைக்கடை தோன் எவெலியோ பெண்ணை வாழ்த்திக் கிண்ணம் தூக்கிக் குடிக்கிற சடங்குக்கு ஞானத்தகப்பனாக ஒத்துக்கொண்டார். கூடம் முழுவதற்கும் ஆப்பிள் ஒயின் அவர் பொறுப்பு. இந்த ஊரில் அவர் சம்மதிப்பதே பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

தேதியை நான் சும்மா குறிக்கவில்லை அக்கா. உன் சத்தியம் பன்னிரண்டாம் தேதி குவாதலூப்பே மாதா திருநாளோடு முடிகிறது. பதினாலாம் தேதி நீ பெண்ணைப் பெற்றவளாக நின்று, நாலு பேரைப் போலக் கிண்ணம் தூக்கலாம். மாதாவுக்கும் குற்றமில்லை, மனிதருக்கும் குறையில்லை. உனக்காக எவ்வளவு யோசிக்கிறேன் பார்.

விழா நல்லபடியாக நடந்தால், நெரெய்தா உன்னிடம் திரும்பி வருவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒத்திலியா


புவெப்லா
ஆகஸ்ட் 18, 1996

அன்புள்ள ஒத்திலியா,

வரிகள் நேராக இருக்கின்றனவா? கோடு போட்ட தாளாகப் பார்த்து வாங்கினேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் வாங்கினேன்.

நான் கூப்பிட்டது சத்தியம் முடிகிற அந்தத் தேதியைப் பற்றிச் சொல்லத்தான். நீ அதையே பரிசாகக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் என் டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டேன். வரிசையில் நின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

இது என் மூன்றாவது சத்தியம். மாதா முன்னால் முழங்காலிட்டு, சாமியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, தேதி எழுதிய மாதா படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டால், அந்தத் தேதி வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன். நீ அதைப் பெருமையாக ஊரில் சொல்லிக்கொள்வாய். உண்மைதான். மாதாவை ஏமாற்றும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் தேதிக்கு மறுநாள்? முதல் சத்தியம் முடிந்தபோது "பிரிகிதாவுக்கு விடுதலை" என்று நம் வீட்டிலேயே பன்றி அறுத்தோம். முதல் கோப்பையை எனக்கு ஊற்றிக் கொடுத்ததே நம் சித்தப்பா. இரண்டாவது, போன அக்டோபரில் முடிந்தது. யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை, நானே ஊற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை நீ நெரெய்தாவிடம் கேட்டிருப்பாய். நான் வேலை செய்கிற அதே பேருந்து நிலையத்தில், பெஞ்சில் நான் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பள்ளிச் சீருடையோடு என் பக்கத்து ஜன்னலுக்குப் போயிருக்கிறாள். "தெபெத்லானுக்கு ஒண்ணு. போக மட்டும்." என் தோழி அழுதுகொண்டேதான் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாளாம். ஒத்திலியா, நான் நாள் முழுவதும் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். போக மட்டுமா, போக வரவா? ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் பதில் என் காதில் விழுகிறது.

குடிக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. நாள் எண்ணிக்கொண்டே இருக்கிறேனே, அதுதான் பயம். மாதாவிடம் கடன் அடைக்கிறவள் மாதிரி இருக்கிறேன். அடைத்து முடிந்ததும் என்ன செய்வேன் என்று எனக்கே தெரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கு மேல்மாடியில், குடியை விட்டவர்கள் கூடும் குழு ஒன்று இருக்கிறது. படியேறிப் போகப் பல நாள் ஆனது. ஒரு நாள் ஏறினேன். ஒரே சிகரெட் புகை, பூராவும் ஆம்பிளைகள். மேடைமேல் ஒருவர் நின்று அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தார். கதவருகே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். ரொம்ப மரியாதையாக, "யாரைத் தேடி வந்தீங்கம்மா? வீட்டுக்காரரையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

"அவரு இன்னிக்கு வரலபோல. கவலப்படாதீங்க. பொண்டாட்டிமாருக்குன்னு செவ்வாக்கெழம கூட்டம் இருக்கு, கீழ அறையில. நீங்க வாங்க, மொதல்ல உங்க மனசு ஆறட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன்.

பிரிகிதா


தெபெத்லான்
செப்டம்பர் 8, 1996

அக்காவுக்கு,

எந்தப் புருஷன்? உன் புருஷன் வடக்கே எல்லை தாண்டிப் போனவன், அவனுக்குக் குடிக்கவும் தெரியாது, திரும்பி வரவும் தெரியாது. இல்லாத குடிகாரனைப் பற்றி நீ அந்தப் பெண்களிடம் என்னதான் சொல்கிறாய்? படித்துவிட்டுச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் பிதென்சியோவிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "உங்க அக்கா புத்திசாலிடீ" என்கிறார். அவரிடம் கேட்டது என் தப்பு.

உன் கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது. அதில் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சத்தியத்தை மீறினவர்கள் அல்லவா இப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போக வேண்டும்? நீ மீறவில்லையே. மாதா பார்த்துக்கொள்ள மாட்டாளா? முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வீட்டு அழுக்கைக் கொட்டுவதற்கு ஒரு கூட்டமா? நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு சங்கம் கூடுகிறது, காப்பி விவசாயிகள் சங்கம். தினம் அந்தப் பக்கம் போனால் காப்பி வாசனைதான். அவர்களாவது விலையைப் பற்றிப் பேசுகிறார்கள், பிரயோஜனம் உண்டு.

பயமாக இருந்தால் சத்தியத்தை நீட்டிக்கொள். பங்குச் சாமியாரிடம் கேட்டேன். பதிமூன்றாம் தேதியிலிருந்தே இன்னொரு வருஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாமாம். ஆனால் அப்படிப் போட்டால் விழாவில் கிண்ணம் தூக்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, பதினைந்தாம் தேதியிலிருந்து போட்டுக்கொள். நடுவில் அந்த ஒரு நாள் மட்டும்.

நெரெய்தாவுக்கு நீலநிறத்தில் உடை தைக்கிறோம். அளவு எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. உன் கடிதம் வந்தால் உறையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறாள். தபால்தலை சேர்க்க என்கிறாள். அவள் தபால்தலை சேர்த்து நான் பார்த்ததில்லை.

ஒத்திலியா


புவெப்லா
அக்டோபர் 6, 1996

அன்புள்ள ஒத்திலியா,

என்ன சொன்னேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

முதல் செவ்வாய் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுப் பெண்கள், பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னல் வழியாக டயர் வாசனை. ஒருத்தி, வீட்டுக்காரர் வரும் காலடிச் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாளாம். இன்னொருத்தி, தொலைபேசி அடித்தால் எடுக்காமல் துணி பிழிந்துகொண்டிருப்பேன் என்றாள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது செவ்வாய் என்னைக் கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்று. என் வாயில் வந்தது எல்லாம் உண்மை. குடிக்காத நாட்களில் தங்கமான மனுஷர், மாதாவுக்கு வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவார், வாக்கு முடிந்த அன்று பிள்ளை கண்ணுக்குத் தெரியாது என்றேன். பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டார்கள். என் தங்கையிடம் என்றேன். "பாவம்மா உங்க தங்கச்சி" என்றார்கள். உன்னைப் பாவம் என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருஷமாக நான் என்னைத்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே வாரக்கணக்கில் போனது. அவர்களுக்கு என் புருஷன்மேல் அவ்வளவு கோபம். சோளமாவு அரைக்கிற ஒரு அம்மாள், "அந்த ஆளு கையில கெடச்சா உரிச்சிடுவேன்" என்றாள். போன வாரம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏம்மா அவனோட இன்னும் இருக்கே? விட்டுட்டு வந்துடு" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. "விட முடியாதுங்க. அவரு நாந்தான்" என்றேன்.

 நான் எழுந்து பையை எடுத்தேன். அந்த அம்மாள் என் கையை விடவில்லை.  "அடிப்பாவி, எல்லாரும் சேந்து உன்னையா இத்தன நாளாத் திட்டினோம்?" என்றாள். பிறகு அவளே என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஆம்பிளைகளைப் பார்த்து, "ஏன்யா, ஒரு பொம்பள படியேறி வந்தா பொண்டாட்டின்னுதான் தோணுமா? கண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று ஒரு பிடி பிடித்தாள். காப்பி ஊற்றுகிறவர் வெட்கப்பட்டு எனக்கு இரண்டு கோப்பை ஊற்றினார்.

இந்தக் குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாள், யுரிதியா. சிற்றுந்து ஓட்டுகிறாள். என்னைவிடப் பல வயது சின்னவள், எந்நேரமும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பாள். அவள்தான் எனக்கு ஞானத்தாய். இங்கே வழிகாட்டுகிறவர்களை அப்படித்தான் சொல்கிறார்கள். கேக்குக்கும் செருப்புக்கும் ஞானத்தாய் இருக்கும்போது, குடிக்காமல் இருப்பதற்கு ஒருத்தி இருக்கக் கூடாதா?

சத்தியத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். "எங்க அப்பாவும் இப்படித்தான். தவக்காலம் நாப்பது நாளும் தொட மாட்டாரு. ஈஸ்டர் அன்னிக்கு எங்கள யாரும் காப்பாத்த முடியாது" என்றாள். இங்கே தேதியே கிடையாதாம். இன்றைக்கு மட்டும் குடிக்காதே, நாளைக்கு வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். கேட்க ரொம்பச் சின்ன விஷயமாக இருக்கிறது. எனக்கு அது மாதா முன்னால் முழங்காலிடுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விழாவில் என் கிண்ணத்தில் வேறு ஏதாவது ஊற்று. ஆப்பிள் சாறு ஊற்று, நிறமும் ஒன்றுதான், யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள்தான் ஒத்திலியா எனக்கு ஆபத்து. நீ நடுவில் விட்டுவைத்த அந்த ஒரு நாள்.

பிரிகிதா


தெபெத்லான்
நவம்பர் 3, 1996

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், எழுதிக் கிழித்தேன். இரண்டு தடவை. என்னைப் பாவம் என்று சொன்ன அந்தப் பெண்களுக்கு என் நன்றியைச் சொல். அல்லது சொல்லாதே. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆப்பிள் சாறு விஷயம் நடக்காது. கிண்ணங்களில் ஊற்றுவது தோன் எவெலியோ. தன் கையால், ஒவ்வொருவருக்கும். பெண்ணைப் பெற்றவளுக்குத்தான் முதல் கிண்ணம். அதைத் தொடாமல் வைத்தால், அவர் கொண்டுவந்ததைத் துப்பியது போல. அவர் கோபித்துக்கொண்டால் நான் இந்த ஊரில் எந்தக் கடையில் போய் அரிசி வாங்குவது? மனுஷர் பேசவே மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். பிறகு ஆப்பிள் ஒயின் என்ன சாராயமா? குழந்தைகளுக்கே நாக்கில் தொட்டு வைக்கிறோம். உதட்டில் வைத்து எடுத்துவிடு. ஒரு வாய். அதற்கு இவ்வளவு கடிதமா?

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இறந்தவர்கள் நாளுக்கு அப்பாவின் படையலை வைத்தேன். சாமந்தி, ரொட்டி, சிகரெட், வழக்கம்போல அவருடைய கரும்புச் சாராயம். கோப்பையில் ஊற்றும்போது நெரெய்தா பக்கத்தில் நின்றாள்.

"சித்தி, அதுதானே தாத்தாவைக் கொன்னுச்சு?"

"ஆமாடீ."

"அப்ப செத்தப்புறமும் ஏன் அதையே ஊத்திக் குடுக்கறீங்க?"

"தாத்தாவுக்குப் பிடிக்கும்டீ."

அவள் போய்விட்டாள். நான் ஊற்றித்தான் வைத்தேன். வைக்காமல் இருந்தால் அப்பா வந்து பார்த்துவிட்டு என்ன நினைப்பார்? ஆனால் விடிந்து படையலை எடுக்கும்போது அந்தக் கோப்பையை எப்போதும் போலப் பிதென்சியோவிடம் கொடுக்கவில்லை. கொல்லையில் கொட்டினேன். ஏன் என்று கேட்காதே.

விழாவுக்கு வா. முரண்டு பிடிக்காதே. பெண்ணுக்கு ஒரு நல்ல நாள் வேண்டும் அக்கா, அவளுக்கு அது போதும்.

ஒத்திலியா


புவெப்லா
டிசம்பர் 5, 1996

ஒத்திலியா,

வருகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானப் பேருந்து. என் டிக்கெட்டை நானே கிழித்துக்கொண்டேன்.

சத்தியத்தை நீட்டப்போவதில்லை. உன் சாமியாரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். மாதாவிடம் நானே சொல்லிவிட்டேன். வருஷக்கணக்கில் வாக்குக் கொடுக்கத் தெரிந்த எனக்கு ஒரு சனிக்கிழமையைத் தாண்டத் தெரியவில்லை, அதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன், நீ கூட இரு என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

யுரிதியாவுக்கு அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டும், கூட வர முடியாது. அவள் சொன்னது இதுதான்: "யாரு கோச்சுக்குவாங்கன்னு பாக்காதீங்க. மொதல்ல கூடத்துல கதவு எங்க இருக்குன்னு பாத்து வைங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. வரிகள் கொஞ்சம் கோணலாக இருந்தால் அதனால்தான். 

பிரிகிதா


தெபெத்லான்
டிசம்பர் 18, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏற்றிவிடும்போது சரியாகப் பேச முடியவில்லை. பக்கத்தில் பிதென்சியோ, கையில் மீந்த மோலேக் கறிப் பாத்திரம், உனக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் கத்தல். நீ கூடத்தை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

நீ கிண்ணத்தை வாங்கினாய். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய். உன் கண் மூடியதைப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடுவது போலவே இருந்தது.  நான்தான் இதைச் செய்தேன், தேதி பார்த்து, யோசித்து, அன்பாகச் செய்தேன் என்று தோன்றியது. அப்போது நீ கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாய். கூடமே பார்த்தது. தோன் எவெலியோ ஒயின் புட்டியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "ஐஸ் தீந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்" என்று வெளியே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன்.

உன்னை நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நேராகச் சாராயக்கடைக்குப் போயிருப்பாய் என்று. ஒரு வாயை வேண்டாம் என்று சொன்னவள் ஒரு புட்டியைத் தேடிப் போகிறாள் என்று. விழாச் செருப்போடு சதுக்கத்தைத் தாண்டி ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடையின் ஊஞ்சல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். "உங்க அக்கா இங்க வரலைங்க" என்றான் கடைக்காரன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னான். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

திரும்பி வரும்போது மாவு மில்லுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. காப்பி வாசனை. உள்ளே உன் குரல்.

வாசலில் நின்று அந்தப் பலகையை முதல் தடவையாகப் படித்தேன்: குடியை விட்டவர்கள் குழு. எத்தனை வருஷமாக அந்த வழியே போகிறேன்! நான் நினைத்தது காப்பி விவசாயிகள் சங்கம். என்னை என்ன சொல்வது? கதவருகே இருந்தவர், "குடும்பத்தாரா?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். நாற்காலி போட்டார். நீ மேடையில் பச்சை உடையோடு நின்று, "என் பேரு பிரிகிதா. நான் குடிநோயாளி. எம் பொண்ணுக்கு இன்னிக்கு விசேஷம், நான் இங்க நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நீ அப்போது என்னைப் பார்க்கவில்லை. நான் அழுததையும் பார்க்கவில்லை, நல்லது.

அந்த அறையில் யார் யாரைப் பார்த்தேன் என்று எழுதமாட்டேன். இங்கே கண்டதும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: யார் கோபித்துக்கொள்வார் என்று நான் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேனோ, அவருக்குக் கோபமே இல்லை. இத்தனை வருஷமாக ஊரின் எல்லா விசேஷத்திலும் அவர் ஊற்றுவார், தூக்குவார், குடித்து மட்டும் நான் பார்த்ததில்லை. வயிற்றுப் புண் என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஐஸ் எடுக்கப் போனவர் உனக்கு அங்கே வழி காட்டினார் என்று புரிந்தது, ஐஸ் எங்கே என்று நான் அவரைக் கேட்கவும் இல்லை.

இப்போது கூடத்தில் நடந்தது. இது பிதென்சியோ சொன்னது. பாட்டுக்காரர்கள் வால்ட்ஸ் ஆரம்பித்தார்களாம். பெண்ணோடு தகப்பன் ஸ்தானத்தில் ஆட இவர் எழுந்து போனாராம். நெரெய்தா அசையவில்லையாம். "இருங்க சித்தப்பா. அம்மா வரட்டும்" என்றாளாம். கறி ஆறுகிறது, விருந்தாளிகள் முணுமுணுக்கிறார்கள், பாட்டுக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவள் அந்த நீல உடையோடு கூடத்து நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாளாம். செருப்புக்கான ஞானத்தாய், "உங்கம்மா வரமாட்டா கண்ணு, ஆரம்பிச்சிடலாம்" என்றதற்கு, "வருவாங்க. வரலன்னா ஆடவேணாம்" என்றாளாம். அதற்குப் பிறகுதான் நீயும் நானும் உள்ளே வந்தோம். நீங்கள் இருவரும் ஆடியதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. ரொம்ப மோசமாக ஆடினீர்கள்.

நெரெய்தா உன்னிடம் வருவது பற்றி. ஜனவரியில் வருகிறாயா என்று கேட்டேன். "பாக்கலாம் சித்தி" என்றாள். அவ்வளவுதான். விழா நன்றாக நடந்தால் அனுப்புகிறேன் என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. கொடுக்கவும் வைத்துக்கொள்ளவும் அவள் என் பொருள் இல்லை. அவளாக வந்தால் வரட்டும். இத்தனை நாள் உன்னிடம் அப்படிப் பேரம் பேசினதற்கு என்னை மன்னித்துவிடு அக்கா.

வியாழக்கிழமைகளில் மில் அறையில் குடும்பத்தாருக்கான கூட்டமாம். போகலாமென்று இருக்கிறேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

ஒத்திலியா

பி.கு. இனி நீ தொலைபேசியில் கூப்பிடலாம். அவன் கூவட்டும்.


புவெப்லா
பிப்ரவரி 10, 1997

அன்புள்ள ஒத்திலியா,

கூப்பிடலாம் என்றாய். இருந்தாலும் இதை எழுதத்தான் தோன்றியது. சொன்னால் அழுதுவிடுவேன், தொலைபேசிக் கடைக்காரன் தப்பாக நினைப்பான்.

வெள்ளிக்கிழமை நெரெய்தா வந்து இறங்கினாள். நீ ஏற்றிவிட்டாய், உனக்குத் தெரியும். என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், குளியலறைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நான் எங்கெல்லாம் ஒளித்து வைப்பேன் என்று அவளுக்கு அத்தனையும் நினைவிருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன். கோபம் வரவில்லை. பார்த்து முடித்துவிட்டு, "பசிக்குது" என்றாள்.

சனிக்கிழமை நான் டயர் கடை மாடிக்குப் போகும் நேரம் வந்தது. அவளைத் தனியே விட்டுப் போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். "போம்மா, நேரமாச்சு" என்றாள். அம்மா என்றாள், ஒத்திலியா. சாதாரணமாக, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அவளும் கூட வந்தாள். மேலே வரவில்லை. கீழே யுரிதியாவின் வண்டியில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டு இருவரும் என்னென்னவோ பேசியிருக்கிறார்கள். என்னவென்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் உங்களப் பத்தித்தான் பேசினோம்" என்று யுரிதியா சிரிக்கிறாள்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மத்தியான நேர வேலை. அவள் ஊருக்குத் திரும்ப வேண்டும், பள்ளிக்கூடம். ஜன்னலுக்கு உள்பக்கமாகவே வந்து உட்கார்ந்திருக்கலாம், டிக்கெட்டை நானே கிழித்துக் கொடுத்திருப்பேன். வரமாட்டேன் என்று போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் கோழிக் கூடையோடு ஒரு பெரியவர், இரண்டு சிப்பாய்கள். நான் ஒவ்வொருவருக்காகக் கிழித்துக்கொண்டே வந்தேன். அவள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.  கேட்க வேண்டிய கேள்விதானே, கேட்டேன்.

"தெபெத்லானுக்கு. போக மட்டுமா, போக வரவா?"

"போக வர."

டிக்கெட்டில் திரும்பி வருகிற பாதியில் தேதி எழுத வேண்டும். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, "திரும்பி வர்ற தேதி எப்பம்மா போடட்டும்?" என்றேன்.



"தேதி போடாதீங்க" என்றாள். "வெறுமன விடுங்க. நான் வரேன்."

பிரிகிதா